தாய்ப்படகுப் பயணம்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நான்கு பேர், சித்தப்பா, அத்தை பிள்ளைகள். டர்பன் கரையிலிருந்து பேடில் ஸ்கீயில் (துடுப்புப் போடும் நீண்ட கயாக் வகை) போய் மீன்பிடித்துப் பழகியவர்கள். வரும் பிப்ரவரியில் மொசாம்பிக்கின் பசருடோ தீவுகள் பக்கம் ஐந்து நாள் தாய்ப்படகுப் பயணம் போகிறோம். பெரிய படகு கயாக்குகளை ஏற்றிச் சென்று கடலில் இறக்கிவிடும். பகலில் மீன்பிடிப்பு, இரவில் படகிலேயே சாப்பாடும் படுக்கையும். கடைக்காரர் எழுதித் தந்த பட்டியலைக் கூட்டினால் ஆளுக்கு 30,000 ரேண்டைத் தாண்டுகிறது. அத்தனையும் வேண்டுமா? எதை முதலில் வாங்குவது?

பதில்: கடைக்காரரின் பட்டியலை ஒரு வாரம் எடுத்து வையுங்கள். உங்களுக்கு என்ன தேவை என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தாய்ப்படகின் மேல்தளம். அதைப் பார்க்காதவர் எழுதிய பட்டியல் அது. முதலில் படகுக்காரருக்கு எழுதிக் கேளுங்கள்: கயாக் உங்களுடையதா, அவர்களுடையதா? உங்களுடையது என்றால் எத்தனை மீட்டர் நீளம் வரை ஏற்றுவார்கள்? கடலில் இறக்குவது கிரேன் வைத்தா, பக்கவாட்டில் கைகளால் தூக்கியா, பின்புறத் தாழ்தளத்திலிருந்து சறுக்கியா? கயாக்குகளைச் சுற்றி வர மோட்டார் வைத்த துணைப்படகு எத்தனை? ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், பேட்டரி ஏற்ற எத்தனை பிளக் உண்டு? மீனுக்கு உறைபெட்டியில் ஆளுக்கு எவ்வளவு இடம்? தொலைபேசியில் சொல்லும் பதிலை நம்பி வாங்காதீர்கள். எழுத்தில் வரட்டும்.

கயாக் யாருடையது என்ற கேள்வியிலேயே பெரும்பணம் மிச்சமாகலாம். நீங்கள் பழகிய கண்ணாடியிழை ஸ்கீ நீளமானது, இலேசானது. டர்பன் கரையின் அலைகளைக் கிழித்து வெளியே போக அதைவிட நல்லது இல்லை. தாய்ப்படகிலிருந்து இறங்கினால் கிழித்துப் போகக் கரையலையே கிடையாது. அங்கே கயாக் அடிபடுவது படகின் விலாவில். ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி இறங்கும்போது ஒவ்வொரு முறையும் இடிக்கும். கண்ணாடியிழையில் விரிசல் விழுந்தால் கடலில் வைத்துச் சரிசெய்வது கடினம். தடித்த பிளாஸ்டிக் கயாக் கனமானதுதான், ஆனால் அந்த இடியைத் தாங்கும். ஆகவே படகுக்காரரிடம் நல்ல பிளாஸ்டிக் கயாக் இருந்தால் உங்கள் ஸ்கீயை வீட்டிலேயே விடச் சொல்வேன். சொந்தப் பிளாஸ்டிக் கயாக்கை டிரெய்லரில் கொண்டுபோவதானால், வெயிலில் பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள். சூட்டில் இளகிய பிளாஸ்டிக் அந்த இடத்தில் குழிந்துவிடும். வழியில் நிறுத்தும் இடங்களில் பட்டையைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள்.

இனி வாங்கும் வரிசை. லைஃப் ஜாக்கெட் முதலாவது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். லேபிளில் 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) என்று போட்டிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும்போது பயன்படும் மிதவை. மயங்கிவிட்டவரை முகம் மேலே வரும்படி அது திருப்பிப் போடாது. துடுப்புப் போட வசதி என்பதால் கயாக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் அணிகிறார்கள், அணியலாம். ஆனால் அதன் எல்லை தெரிந்து அணியுங்கள், துணைப்படகு கண்ணில் படும் தூரத்திலேயே இருங்கள். கடையில் நின்றபடி போட்டுப் பார்த்தால் போதாது. கயாக் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள், முதுகுச் சாய்மானம் அங்கியை மேலே தள்ளினால் அது உங்களுக்கானது அல்ல.

இரண்டாவது, நீரில் மிதக்கும் கையடக்க விஎச்எஃப் ரேடியோ, அதாவது கடலில் படகுகள் ஒன்றோடொன்று பேசும் ரேடியோ. ஐபிஎக்ஸ்7 என்ற குறி இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அபாய அழைப்புக்குரிய சேனல் 16. உட்கார்ந்த உயரத்திலிருந்து பேசினால் இன்னொரு கயாக்கை எட்டுவது சில கிலோமீட்டர்தான். தாய்ப்படகின் ஆண்டெனா உயரத்தில் இருப்பதால் அதற்கு இன்னும் தூரம் எட்டும். நான்கு பேருக்கும் ஆளுக்கொன்று வேண்டும். நால்வருக்கு ஒன்று என்று சிக்கனம் பிடிக்கும் இடம் இதுவல்ல. தீவுகளுக்கு இடையே ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் வேகமாக ஓடும். மூன்று நாட் நீரோட்டம் என்றால் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். நிறைய தூண்டில் சாமான் ஏற்றிய கயாக்கில் ஒருவர் துடுப்புப் போடும் வேகமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எதிர்த்துப் போட்டால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். அந்த நேரத்தில் துணைப்படகைக் கூப்பிட உங்கள் கையில் ரேடியோ இருக்க வேண்டும்.

மூன்றாவது, கையில் பணம் இருந்தால், பி.எல்.பி. எனப்படும் அபாய அறிவிப்புக் கருவி. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். மாதக் கட்டணம் கிடையாது.

மீன் காட்டும் திரைக்கருவி பட்டியலின் கடைசியில் வரட்டும். ஐந்து நாளும் படகோட்டியே நல்ல இடம் பார்த்து இறக்கிவிடப் போகிறார். அவருடைய கருவி உங்கள் கருவியைவிட ஆழம் பார்க்கும். கடைக்காரர் பட்டியலில் ஆக விலை கூடியது இதுவாகத்தான் இருக்கும். அதைத் தாராளமாகப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

மிச்சமான பணத்தில் ஒரு சிறு பை நிறைய உதிரிகள் வாங்குங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு நாள் படகுப் பயணம் ஒன்றில் முதல் நாள் காலையிலேயே என் கயாக்கின் சுக்கான் கம்பி அறுந்துவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு கம்பித்துண்டும் இரண்டு கிளிப்பும் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. அவை இல்லாததால் மற்றவர்கள் மீனோடு திரும்புவதைப் படகின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கரையைவிட்டுப் போன பிறகு கடை இல்லை. ஆகவே சுக்கான் கம்பி, அடைப்புத் தக்கை இரண்டு, மூடியின் ரப்பர் வளையம், துருப்பிடிக்காத திருகுகள், ஒட்டுப்பட்டை, துடுப்பைக் கட்டும் கயிறு ஆகியவை ஒரு பையில் இருக்கட்டும். முகப்பில் ஐந்து மீட்டர் கயிறும் கொக்கியும் கட்டிவையுங்கள். படகின் பக்கம் வந்ததும் மேலே நிற்பவர் பிடிக்க அதுதான் வேண்டும். நாம் கூட்டா என்று சொல்லும் வஞ்சிரத்தின் பல்லுக்கு இரும்புக் கம்பி முன்னிழை (தூண்டில் முள்ளை ஒட்டிக் கட்டும் துண்டு) தேவை. வீட்டிலேயே முப்பது நாற்பது முறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆடும் படகில் உட்கார்ந்து முறுக்குவது கண்ணுக்கும் வயிற்றுக்கும் ஆகாது.

ஒரு காசும் கேட்காத தயாரிப்பு ஒன்று உண்டு. இனாண்டா அணைக்குப் போய், லைஃப் ஜாக்கெட்டோடு கயாக்கைக் கவிழ்த்து, நிலைகொள்ளாத ஆழத்திலிருந்து திரும்ப ஏறிப் பழகுங்கள். பத்து முறை ஏற முடியாதவர் பிப்ரவரிக்குள் தயாராகிவிட வேண்டும், இல்லையென்றால் போகக் கூடாது.

கேள்வி: இதே போன்ற பயணத்துக்கு ஆளுக்கு 9,000 ரேண்ட் முன்பணம் கேட்கிறார்கள். படிவத்தில் ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது’ என்று இருக்கிறது. எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால்? புயல் வந்தால்? (வெருலம் வாசகர்)

பதில்: அந்த வரி எழுதியிருப்பதாலேயே சட்டமாகிவிடாது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 68ஆம் எண், 17ஆம் பிரிவு முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. விற்பவர் நியாயமான ரத்துக் கட்டணம் பிடித்துக்கொள்ளலாம். எவ்வளவு நாள் முன்னதாகச் சொன்னீர்கள், அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பிடிக்க அவருக்கு வாய்ப்பு இருந்ததா, அந்தத் தொழிலில் வழக்கம் என்ன என்பவற்றை வைத்துத்தான் நியாயம் பார்க்கப்படும். மூன்று மாதம் முன்னதாகச் சொன்னவரிடம் முழுத் தொகையையும் பிடிப்பது நியாயம் என்று வாதிடுவது கடினம். யாருக்காகப் பதிவு செய்தீர்களோ அவர் இறந்துபோனாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணமே பிடிக்கக் கூடாது. கவனியுங்கள், பயணம் போகிறவர் சேர்க்கப்பட வேண்டும். வீட்டில் அப்பா சேர்க்கப்பட்டார் என்றால் இந்த விலக்கு உங்களுக்கு வராது. அதற்குப் பயணக் காப்பீடுதான் வழி. காப்பீட்டுப் பத்திரத்தில் கடல் விளையாட்டு, கரையிலிருந்து தூரம் பற்றிய விலக்குகளைப் படித்த பிறகே வாங்குங்கள்.

புயல் வேறு விஷயம். அங்கே ரத்து செய்கிறவர் படகுக்காரர். பிப்ரவரி என்பது அந்தக் கரையில் புயல் காலம்: 2007 பிப்ரவரியில் ஃபாவியோ, 2023 பிப்ரவரியில் ஃப்ரெடி, இரண்டும் பசருடோவுக்கு எதிர்க்கரையில் உள்ள விலன்குலோ ஊர்ப் பக்கமாகவே கரை ஏறின. ஆகவே ‘வானிலை சரியில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்ச்சொல் போதாது. போகலாமா வேண்டாமா என்று யார், எத்தனை நாள் முன்னதாக முடிவு செய்வார்? வேறு தேதியா, பணமா? ஐந்து நாளில் இரண்டு நாள் துறைமுகத்திலேயே கிடந்தால் கணக்கு எப்படி? இவை ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் பணம் கட்டாதீர்கள். என் அபிப்பிராயம்: முடிந்தால் தேதியையே மே, ஜூனுக்கு மாற்றுங்கள்.

பொறுப்புத் துறப்புப் படிவத்திலும் கையெழுத்துக் கேட்பார்கள். உயிருக்கு ஆபத்து வரக்கூடிய நடவடிக்கை என்றால், அந்த வாசகம் எளிய மொழியில் இருக்க வேண்டும், உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டு நீங்கள் அதன் பக்கத்திலேயே ஒப்பமிட வேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. அப்படி ஒப்பமிட்டாலும் படகுக்காரரின் படுமோசமான அலட்சியத்துக்கு அவர் பொறுப்புத் துறக்க முடியாது. 51ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

இத்தனையும் ஒப்பந்தம் தென்னாப்பிரிக்காவில் நடந்தால்தான். பணம் போகும் கணக்கு வெளிநாட்டு நிறுவனத்துடையது என்றால் நம் சட்டத்தின் கை அங்கே எட்டுவது அரிது. ரசீதில் உள்ள பெயரையும் முகவரியையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: என் தாத்தா டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரித் தீவில் வலை இழுத்தவர். எனக்குக் கடல் ஆசை உண்டு, புதுக் கயாக் வாங்க வசதி இல்லை. பழையது ஒன்று பார்த்தேன். விற்பவர் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்கிறார். வாங்கலாமா? (மீர்பேங்க்)

பதில்: இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள் என்பதுதான் அந்தச் சொல். தொழிலாகச் செய்யாத தனியாள் ஒருவர் தன் பழைய பொருளை விற்கும்போது நுகர்வோர் சட்டத்தின் ஆறு மாதப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. குறை தெரிந்தும் மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டும் அந்தச் சொல் அவரைக் காப்பாற்றாது. நிரூபிப்பது எளிதல்ல. எனவே கண்ணையும் கையையும் நம்புங்கள்.

காலை வெயிலில் பாருங்கள், ஈரமாக இருக்கும்போது பார்க்காதீர்கள். ஈரம் விரிசலை மறைக்கும். கண்ணாடியிழை என்றால் இருக்கையைச் சுற்றியும் பாதம் வைக்கும் குழியிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் உள் அடுக்கு பிரிந்திருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் நிறம் புதிதாக இருந்தால் என்ன நடந்தது என்று கேளுங்கள். பிளாஸ்டிக் என்றால் அடிவயிற்றின் நடுக்கோட்டையும் தண்ணீர் வடியும் துளைகளின் விளிம்பையும் பாருங்கள், வெளுத்த கோடுகள் விரிசலுக்கு முந்திய நிலை. பிறகு கயாக்கை இரண்டு பழைய டயர்கள் மேல் வைத்து, உள்ளே இருபது லிட்டர் தண்ணீர் ஊற்றி, கீழே செய்தித்தாள் விரியுங்கள். முன்பக்கம் தாழ்த்தி கால் மணி, பின்பக்கம் தாழ்த்தி கால் மணி. தாளில் ஒரு நாணயம் அளவு ஈரம் பட்டாலும் எங்கிருந்து சொட்டுகிறது என்று விரலால் தடவித் தேடுங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

கடைக்காரரே பழைய கயாக் விற்றால் கதை வேறு. குறையை அவர் குறிப்பாகச் சொல்லி நீங்கள் ஏற்றுக்கொண்டால் தவிர, ஆறு மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்பது உங்கள் விருப்பம். ‘பணம் கிடையாது, இங்கேயே வேறு பொருள் வாங்கக் கடைச் சீட்டு மட்டும் தருவோம்’ என்று அவர் சொல்ல முடியாது. மறுத்தால் நுகர்வோர் பொருள் சேவை குறைதீர்ப்பாளரிடம் எழுதுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ரேடியோ பிடிக்கவில்லை. திருப்பலாமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: திருப்பலாம். 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. குறிப்பிட்ட தேதிக்கான பயணம், தங்குமிடம் ஆகியவற்றுக்கு இந்த ஏழு நாள் பொருந்தாது. பி.எல்.பி. வாங்கினால் இன்னொன்றும் பாருங்கள்: எந்த நாட்டுக் குறியீட்டோடு வந்திருக்கிறது, பெட்டியில் பேட்டரியின் காலாவதி ஆண்டு என்ன. மலிவாகக் கிடைப்பவை பல சமயம் பேட்டரி முடியப்போகும் சரக்கு. உங்கள் பெயரில் பதிவு செய்யாத கருவி அழைத்தால் யாரைத் தேடுவது என்று மீட்பவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: என் கணவரும் மகனும் போகிறார்கள். வீட்டில் என்ன வைத்துவிட்டுப் போகச் சொல்லட்டும்? (டோங்காட்)

பதில்: அம்மா, ஒரே தாள் போதும். படகின் பெயரும் பதிவு எண்ணும், படகோட்டியின் பெயரும் கரையில் உள்ள அலுவலக எண்ணும், புறப்படும் நாள், திரும்பும் நாள், எந்தத் தீவுப் பக்கம் என்பது, இருவருடைய கயாக்கின் நிறம், லைஃப் ஜாக்கெட்டின் நிறம். காப்பீட்டு எண்ணும் இரத்த வகையும் கீழே. மலேரியா உள்ள பகுதி என்பதால் புறப்படும் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை பற்றி மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். டிரெய்லரோடு எல்லை தாண்டினால் வண்டிக்கும் டிரெய்லருக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு வேண்டும். மீன்பிடி உரிமமும், 1971 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் பசருடோவின் கட்டணமும் பயணச் செலவில் அடக்கமா என்று அவர்களே படகுக்காரரிடம் கேட்கட்டும். இரவு எத்தனை மணிக்குச் செய்தி வரும், வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுத்து யாருக்குப் பேசுவது என்பதையும் உங்கள் கணவர் கையாலேயே அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.