இளங்கன்றும் பக்கத்தில் நிற்கும் பசுவும்

வணக்கம் ஐயா,

நீங்கள் கோயில், மொழி, பழைய மனிதர்கள் என்று எழுதுகிறவர். நான் கேட்கப்போவது கால்பந்து. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் லண்டன் கால்பந்து அணியான டாட்டன்ஹாமின் ரசிகன். எங்கள் வீட்டில் இது பரம்பரை வியாதி. தாய்மாமன் 1981-ல் ரிக்கி வில்லா அடித்த கோலில் மயங்கி விழுந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. இந்த சீசன் தொடங்கும் முன்பே எங்கள் ஆட்டக்காரர் மாடிசனுக்கு முழங்கால் போய்விட்டது. குலுசெவ்ஸ்கி மே மாதம் படுத்தவர். டிரகுசின் ஜனவரியிலிருந்து இல்லை. சொன் அமெரிக்காவுக்கே போய்விட்டார். ஆனாலும் பாருங்கள்: பர்ன்லிக்கு மூன்று கோல், மான்செஸ்டர் சிட்டிக்கு அவர்கள் வீட்டிலேயே இரண்டு. நாங்கள் வாங்கியது ஒன்றுமில்லை. கிரே, பெர்க்வால் இருவருக்கும் 19 வயதுதான். அலுவலகத்தில் லிவர்பூல்காரர்களும் யுனைடெட்காரர்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இளங்கன்று பயமறியாது என்று நான் அவர்களிடம் சொல்கிறேன். மாடிசன் சீக்கிரம் எழுந்து ஆடினால் வருகிற தைப்பூசத்துக்குப் பால்காவடி எடுப்பதாக கோர் தெ கார்ட் மலை முருகனிடம் வேண்டியும்விட்டேன். என் நம்பிக்கை முட்டாள்தனமா? மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்
காத்ர் போர்ன், மொரீஷியஸ், 24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமையே பதில் எழுதியிருந்தால் உங்களிடம் நல்ல பெயர் வாங்கியிருப்பேன். சோம்பலில் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். அதற்குள் போர்ன்மத் வந்து, உங்கள் மைதானத்திலேயே ஒரு கோல் போட்டு, மூன்று புள்ளியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது நான் என்ன சொன்னாலும் தோற்ற பிறகு சொன்ன ஞானம் போலத்தான் இருக்கும். பரவாயில்லை.

முதலில் ஒரு சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலும் கடையிலும் கிரியோல் பேசி, கோயிலிலும் வகுப்பறையிலும் மட்டும் தமிழைத் தொட்டுப் பார்க்கிற தீவு நம்முடையது. அங்கிருந்து ஒருவர் முழங்கால் காயத்தைப் பற்றித் தமிழில் எழுதிக் கேட்கிறார் என்றால், அதற்காகவே நான் டாட்டன்ஹாமைப் பற்றி யோசிக்கத் தயார்.

நேர்த்திக்கடனிலிருந்து தொடங்குவோம். வருகிற தைப்பூசம் 2026 பிப்ரவரி 1. மாடிசன் விழுந்தது இந்த ஆகஸ்ட் 3, சியோலில் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில். நடுவில் ஆறு மாதம். வலது முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கிறது. அறுந்ததை அப்படியே தைத்து ஒட்டிவிடுவது அபூர்வம். பெரும்பாலும் ஆட்டக்காரரின் உடம்பிலிருந்தே வேறொரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துவார்கள். பொருத்திய நார் முதல் சில மாதங்களில் வலுவடைவதற்குப் பதிலாக வலுவிழக்கும். ரத்தக் குழாய்கள் மெல்ல அதற்குள் முளைத்து, உடம்பு அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் இறுகும். ஆட்டக்காரருக்கோ ஐந்தாவது மாதமே கால் நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஆபத்து அங்கேதான். ஒன்பது மாதத்துக்கு முன்னால் களத்தில் இறங்குகிறவர்களுக்கு அதே கால் மறுபடி போகும் அபாயம் அதிகம் என்பதால் மருத்துவர்கள் பிடித்து நிறுத்திவைக்கிறார்கள். ஆகவே முருகனை அவசரப்படுத்தாதீர்கள். காவடியை 2027-க்கு மாற்றி வேண்டிக்கொள்ளுங்கள். அவர் பழத்துக்காக உலகைச் சுற்றியவர், தாமதம் அவருக்குப் புதிதல்ல.

இனி உங்கள் இளங்கன்றுகள்.

நீங்கள் சொன்ன ஐந்து கோலை யார் போட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பர்ன்லிக்கு எதிராக ரிச்சார்லிசன் இரண்டு, பிரென்னன் ஜான்சன் ஒன்று. சிட்டியில் ஜான்சன் ஒன்று, பலின்யா ஒன்று. ரிச்சார்லிசனுக்கு 28 வயது, பலின்யாவுக்கு 30. ஐந்தில் ஒன்றுகூட 19 வயதுக்காரர் காலில் இருந்து வரவில்லை. சிட்டி ஆட்டம் நம்மூர் நேரத்துக்குச் சனிக்கிழமை மாலை மூன்றரை மணி. சாப்பிட்ட மயக்கத்தோடு முழுதும் பார்த்தேன். அன்று நடுக்களத்தைப் பூட்டி வைத்தவர்கள் பலின்யாவும் பெந்தன்கூரும். உங்கள் பையன்கள் இருவரும் தொடக்கத்தில் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ரசிகர் மனது கோலை ஒருவரிடமும் நம்பிக்கையை இன்னொருவரிடமும் வைக்கும், அதைத்தான் சொல்ல வந்தேன்.

இளங்கன்று பயமறியாது, சரி. ஆனால் மாடு வளர்த்த வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். கன்று துள்ளுவதெல்லாம் தாய்ப்பசு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கும்போதுதான். பசுவை ஓட்டிக்கொண்டு போனால் அதே கன்று வேலி ஓரமாக நின்று கத்தும்.

கால்பந்தில் இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு, அதை எல்லோரும் தலைகீழாகச் சொல்கிறார்கள். 1995 ஆகஸ்டில் ஆஸ்டன் வில்லாவிடம் மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று தோற்றது. பொடியன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று முன்னாள் ஆட்டக்காரர் ஆலன் ஹான்சன் அன்றிரவே தொலைக்காட்சியில் சொன்னார். அந்த சீசனில் யுனைடெட் லீகையும் எஃப்ஏ கோப்பையையும் சேர்த்து வாங்கியது. அன்றிலிருந்து பையன்கள் ஆடும் எந்த அணியின் ரசிகரும் ஹான்சனை இழுத்துவந்து அடிக்கிறார். பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் பெரிய ஆட்டக்காரர்கள்தான். ஆனால் பின்னால் கோலில் நின்றது ஷ்மைக்கேல். அவருக்கு முன்னால் புரூஸ், பாலிஸ்டர். நடுவில் கீன். தடை முடிந்து அக்டோபர் 1-ஆம் தேதி கான்டோனா திரும்பினார். ஜனவரியில் 12 புள்ளி முன்னால் ஓடிக்கொண்டிருந்த நியூகாசிலை எட்டிப் பிடித்த அணியில் கன்றுகளும் இருந்தன, பசுக்களும் இருந்தன. ஹான்சன் சொன்னது முழுப் பொய் என்று எனக்கு எப்போதும் தோன்றியதில்லை. அவசரப்பட்டுவிட்டார், அவ்வளவுதான்.

உங்கள் அணியின் சொந்தக் கதையிலேயே இது இருக்கிறதே. 2023-ல் முதல் பத்து ஆட்டத்தில் 26 புள்ளி, ஒரு தோல்வி இல்லை, பட்டியலில் முதலிடம். உங்கள் மாமா வீட்டில் பட்டாசு வெடித்திருப்பார். நவம்பர் 6-ஆம் தேதி இரவு செல்சி வந்தது. தடுப்பாட்டக்காரர்கள் ரோமெரோவுக்கும் உடோகிக்கும் சிவப்பு அட்டை, மாடிசனுக்குக் கணுக்கால், இன்னொரு தடுப்பாட்டக்காரர் வான் டி வெனுக்குத் தொடை. ஒன்பது பேரோடு 4-1 தோல்வி. அதையும் சேர்த்து அடுத்த ஐந்து ஆட்டத்தில் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. கோச் மாறவில்லை, திட்டமும் மாறவில்லை. நடுவில் நிற்க ஆள் இல்லை, அவ்வளவே.

வான் டி வென் தொடையைப் பற்றி ஒரு வார்த்தை. இவருடைய வேகம் மணிக்கு 37.38 கிலோமீட்டர் என்று 2024 ஜனவரியில் அளந்தார்கள். பிரீமியர் லீகில் அதுவரை பதிவான வேகங்களில் அதுதான் உச்சம். இந்த ஹாம்ஸ்ட்ரிங் என்கிற பின்தொடைத் தசை, முழு ஓட்டத்தில் முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நீண்டபடியே பிரேக் போடுகிறது. வண்டி எவ்வளவு வேகமோ பிரேக்குக்கு அவ்வளவு தேய்மானம். ஒருமுறை கிழிந்தால் மறுபடி கிழியும் வாய்ப்பும் கூடுகிறது. நம் பாட்டிகள் நல்லெண்ணெய் தேய்த்து "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று சொல்லிவிடுவார்கள். லண்டனில் இதற்கு ஒரு மருத்துவர் படையே இருக்கிறது. முடிவு சில சமயம் ஒன்றுதான்.

போன சீசனைச் சொன்னால் உங்களுக்கு வலிக்கும், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் அங்கேதான் இருக்கிறது. ரோமெரோ, வான் டி வென், கோல்கீப்பர் விகாரியோ மூவரும் காயத்தில் போனார்கள். ஆர்ச்சி கிரே அப்போது 18 வயது நடுக்கள ஆட்டக்காரர். லீட்ஸ் நகரத்துப் பந்துக் குடும்பம். அப்பா, தாத்தா, தாத்தாவின் அண்ணன் எல்லோரும் அந்த கிளப்பில் ஆடியவர்கள். அந்தப் பையனைத் தடுப்பு அரணின் மையத்தில் நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்ற டிரகுசினுக்கே வயது 22. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு லிவர்பூல் வந்து ஆறு கோல் போட்டது. பையன் அழவில்லை, ஒளியவில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் அதே இடத்தில் நின்றான். அந்த மாதம் எனக்கு அவனைப் பிடித்துப்போனது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் பிடித்துப்போவதற்குப் புள்ளி கிடைப்பதில்லை. 38 ஆட்டத்தில் 22 தோல்வி, 17-வது இடம்.

அதே அணி மே 21-ஆம் தேதி பில்பாவோவில் யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்து யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. ஐரோப்பியக் கோப்பை ஒன்றைத் தொட 41 வருடம் ஆயிற்று. மாடிசன், குலுசெவ்ஸ்கி, பெர்க்வால் மூவரும் அன்று இல்லை. பிறகு எப்படி? ரோமெரோவும் வான் டி வெனும் திரும்பி வந்திருந்தார்கள். கோல் கோட்டைத் தாண்டப் போன பந்தை வான் டி வென் காற்றில் மல்லாந்து காலால் எத்தி வெளியே அனுப்பினாரே, அந்தக் காட்சியைப் பார்த்து நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். எனக்கும் டாட்டன்ஹாமுக்கும் எந்த உறவும் கிடையாது. (கோப்பை வாங்கித் தந்த கோச்சை 16 நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 17-வது இடத்தைப் பார்த்தால் நியாயம்தான் என்பார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.)

ஆகவே உங்கள் கேள்வியை நான் வேறு மாதிரி கேட்பேன். பையன்கள் நன்றாக ஆடுகிறார்களா என்று பார்க்காதீர்கள். 19 வயதில், எதிரணிகள் உங்களை இன்னும் படித்து முடிக்காத ஆகஸ்டில், யாரும் நன்றாகத்தான் ஆடுவார்கள். பெர்க்வாலுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார், கிரேக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள். ரோமெரோ, வான் டி வென், பலின்யா மூவரும் புத்தாண்டு வரை நடமாடினால் உங்கள் அலுவலகத்தில் சிரிப்பு அடங்கும். இந்த வருடம் சாம்பியன்ஸ் லீகும் இருக்கிறது, முதல் சுற்றிலேயே எட்டு ஆட்டம். டிசம்பரில் மூன்று நாளுக்கு ஒரு பந்தயம். ஒருவர் படுத்தால் அவர் வேலையும் சேர்ந்து மிச்சம் பேர் தலையில் விழும். பிறகு அவர்களும் படுப்பார்கள். கோச்சாகத் தாமஸ் ஃபிராங்க் வந்த பிறகு தடுப்பாட்டம் கொஞ்சம் அடக்கமாகியிருக்கிறது, சாவி சிமன்ஸ் என்ற ஆட்டக்காரரையும் வாங்கிவிட்டார்கள். என் கணக்கில் ஆறாவது, ஏழாவது இடம். முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் நம்பிக்கை தப்பான ஆளின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு வந்த நினைவு இங்கிலாந்துடையது அல்ல. கியூர்பீப்பில் ஜார்ஜ் ஐந்தாம் மைதானம். எப்போது போனாலும் தூறல். அப்பா குடையைப் பிடித்தபடி தமிழ் கேடட்ஸ் ஆடுவதைப் பார்ப்பார். நான் குடைக்கு வெளியே. அப்போதெல்லாம் முஸ்லிம் ஸ்கவுட்ஸ், ஹிந்து கேடட்ஸ், வெள்ளைக்காரர்களுக்கு டோடோ கிளப் என்று ஆளுக்கொரு அணி. நல்ல ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். பிற்பாடு பெயர்களை மாற்றினார்கள், மனது மாறவில்லை. 1999 மே 23-ல் ஸ்கவுட்ஸ் அணியும் ஃபயர் பிரிகேட் அணியும் மோதிய ஆட்டம் முடிந்து போர்ட் லூயியில் வைத்த தீயில் ஏழு பேர் செத்தார்கள். லீகை நிறுத்தினார்கள். திரும்பத் தொடங்கியபோது ஊர்ப் பெயரில் கிளப்புகள் இருந்தன, ஆட்களைக் காணோம். எல்லோரும் தொலைக்காட்சிக்குள் போய்விட்டோம்.

அந்தக் காலத்தில் ஒரு பையன் புதிதாக அணிக்கு வந்தால் அவன் எங்கள் தெருக்காரனாக இருப்பான், அல்லது அப்பாவோடு வேலை செய்கிறவரின் மகனாக இருப்பான். கணுக்கால் பிசகினால் அவன் அம்மா புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போடுவது வாசலிலிருந்தே மணக்கும். அடுத்த வாரம் ஆடுவானா மாட்டானா என்பதை அந்த வாசனையை வைத்தே சொல்லிவிடுவோம். இன்றைக்கு மாடிசனின் வலது முழங்கால் எனக்கு அத்துப்படி. எதிர்வீட்டில் ஒரு பையன் தினமும் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருக்கிறான், அவன் எந்த கிளப்பில் ஆடுகிறான் என்று நான் இதுவரை கேட்டதில்லை. நேற்று இதை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கேட்டேன். இடது பின்தடுப்பாட்டக்காரனாம். யாருடைய ரசிகன் என்றும் கேட்டேன். உங்கள் பரம எதிரியான ஆர்சனல் என்றான். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டாமோ?

வருகிற செப்டம்பர் 13-ஆம் தேதி வெஸ்ட் ஹாமோடு ஆட்டம், நமக்கு இரவு எட்டரை மணி. மாமாவையும் அழைத்துக்கொண்டு ரோஸ் ஹில்லுக்கு வாருங்கள். காத்தோ பிமா, அதுதான் நம்மூர் மிளகாய் வடை, நான் வாங்கிவைக்கிறேன். புரட்டாசி பிறக்க அப்புறமும் நான்கு நாள் இருப்பதால், கறிக்கும் தடையில்லை.