நிரல் தெரியாதவருக்கு மூல நிரல் எதற்கு?

வணக்கம்.

கல்லூரியில் படிக்கும் என் மகன் கட்டற்ற மென்பொருள் பைத்தியம். யாரும் திறந்து பார்த்து, திருத்தி, அடுத்தவருக்கும் கொடுக்கக்கூடிய மென்பொருளாம் அது. என் கடையில் இருக்கும் பில்லிங் மென்பொருளைப் பார்த்துவிட்டு, மூல நிரலை, அதாவது மென்பொருளை உருவாக்க எழுதிய வரிகளை, தராமல் விற்பதே அநியாயம் என்கிறான். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. மூல நிரலைக் கையில் கொடுத்தாலும் நான் அதை வைத்து என்ன செய்ய? காசு கொடுத்தேன், வேலை செய்கிறது. இதில் நியாயம் அநியாயம் எங்கிருந்து வந்தது?

– ஒரு மளிகைக் கடைக்காரர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

கேரன் சாண்ட்லர் என்று ஓர் அமெரிக்க வழக்கறிஞர். இதயத் தசை தடித்துப்போகும் நோய் அவருக்கு உண்டு. திடீரென்று இதயம் நின்றுவிடலாம் என்பதால் டிஃபிபிரிலேட்டர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். துடிப்பு தறிகெட்டால் உடம்புக்குள்ளிருந்தே மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி அது. அதில் ஓடும் மென்பொருளைப் பார்க்க வேண்டும் என்றார் சாண்ட்லர். மருத்துவருக்கு இந்தக் கேள்வியே புதிது. நிறுவனங்களைக் கேட்டார்; மூல நிரலைக் காட்ட மறுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வைத்துக்கொண்டார்.

பிறகு கர்ப்பமானார். அந்தக் காலத்தில் படபடப்பு வருவது பல பெண்களுக்குச் சகஜம். கருவியோ அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, தேவையே இல்லாமல் அதிர்ச்சி கொடுத்தது. கடைசியில் என்ன செய்தார்கள்? இதயத் துடிப்பைக் குறைக்க அவருக்கு மருந்து கொடுத்தார்கள். மாடிப்படி ஏறவே அவர் திணறினார். நிரலைத் தொட முடியாததால், உடம்பை அதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டியதாயிற்று.

மூல நிரல் கிடைத்திருந்தால் அவரே உட்கார்ந்து திருத்தியிருப்பார் என்று சொல்லவில்லை. தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோயிருக்கலாம், அவ்வளவுதான். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் பைக்கைத் தனக்குப் பிடித்த மெக்கானிக்கிடம் விடுகிறார் இல்லையா? இந்தக் கருவியை வைத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். கர்ப்பிணிகள் மிகக் குறைவு. அந்தச் சிலருக்காக நிறுவனம் மெனக்கெட வேண்டிய கட்டாயமில்லை. அவர்களே ஒன்றுசேர்ந்து ஓர் ஆளை வைத்துச் செய்துகொள்ளவும் வழியில்லை. அநியாயம் என்று நான் சொல்வது இதைத்தான்.

உயிர் காக்கும் கருவியை ஆளாளுக்கு நோண்டலாமா என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் மூடி வைத்ததால் பாதுகாப்பு வந்துவிடவில்லை. 2008-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இப்படிப்பட்ட ஒரு கருவியின் அமைப்புகளை ரேடியோ அலை மூலமாகவே மாற்ற முடியும் என்று ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். மூல நிரல் அவர்கள் கையில் இல்லாமலேதான்.

விற்பதே தப்பு என்று மகன் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1983-இல் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மனே, ஈமாக்ஸ் என்ற உரை திருத்தும் மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர். வாங்கியவர் அதைத் திருத்தலாம், நகலெடுத்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம். விலையைப் பற்றி ஸ்டால்மனுக்குச் சண்டை இல்லை.

இன்னொன்று. மூடிய மென்பொருளைப் பயன்படுத்துபவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சில ஆர்வலர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சாண்ட்லர் கொள்கைக்காகக் கருவியை மறுத்து உயிரை விட்டிருக்க வேண்டுமா என்ன? பூட்டியவரைக் கேளுங்கள், உள்ளே மாட்டிக்கொண்டவரை விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். பில்லிங் மென்பொருளால் உயிர் போகாது. ஆனால் யார் எவ்வளவு பாக்கி, என்ன ஸ்டாக், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. விற்றவர் சந்தாவை இரண்டு மடங்காக்கினால் என்ன செய்வீர்கள்? அவர் தொழிலையே மூடிவிட்டால்? மொத்தத் தரவையும் எக்செல்லிலோ, வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய சிஎஸ்வி என்ற எளிய பட்டியல் கோப்பாகவோ வெளியே எடுக்க முடிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். முடியவில்லை என்றால் மகனிடம் சொல்லுங்கள். விடுமுறைக்கு வரும்போது ஒரு கட்டற்ற மாற்றைக் கடைக் கணினியில் நிறுவி, ஒரு மாதத்துக்கு இரண்டிலும் பில் போட்டுப் பார்க்கட்டும்.