கொக்கியில் தொங்கும் வேலை: ஹெலிகாப்டர் பேனர் விளம்பரத்துக்குப் போக நினைக்கும் மகளுக்கு

ஹெலிகாப்டரில் பேனர் கட்டிப் பறக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். பணம் கட்டலாமா, இதில் எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பேனரை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பைலட் படிப்புக்காகக் கட்டுவதென்றால் கட்டலாம், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

வணிக பைலட்டுக்கான முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. நிறக்குருடு, பார்வை, காது, இதயம் எல்லாம் அதில் வரும். பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போய், நிறம் பிரித்தறிவதில் சிக்கல் என்று தெரிந்தால் முதலுக்கே மோசம். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பள்ளி தேடுங்கள்.

அடுத்தது வணிக பைலட் உரிமம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி ஹெலிகாப்டருக்குக் குறைந்தது 18 வயதும் 150 மணி நேரப் பறப்பும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சியென்றால் 100 மணி நேரம் போதும். இது அடிப்படை அளவுதான், நாட்டுக்கு நாடு கூடுதலாகக் கேட்பார்கள். உரிமம் வாங்கிய மறுநாளே யாரும் பேனரைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். வயிற்றுக்கு அடியில் சுமையைத் தொங்கவிட்டுப் பறப்பது தனித் திறமை. கட்டுமானப் பொருள் தூக்குவது, காட்டுத்தீக்குத் தண்ணீர் வாளி கொண்டுபோவது, பேனர் இழுப்பது எல்லாமே அந்த ஒரு மரத்தின் கிளைகள். மகள் படிக்க வேண்டியது அந்த மரத்தை. பேனர் வேலை பருவத்துக்கு வரும், போகும்; தொங்குசுமை தெரிந்த பைலட்டுக்கு வேறு கதவுகள் திறந்திருக்கும்.

வேலை எப்படி நடக்கிறது என்று மகளுக்கே தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். சிறு விமானம் என்றால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றைத் தாழப் பறந்து கொக்கியால் கவ்விக்கொண்டு மேலே ஏறும். ஹெலிகாப்டருக்கு அந்தச் சாகசம் தேவையில்லை. காற்றை எதிர்நோக்கி நிற்கும் இயந்திரத்துக்குப் பின்னால் பேனரை நீளவாட்டில் விரித்து வைப்பார்கள். வயிற்றிலுள்ள கார்கோ ஹூக்கில் நீளமான கயிறு, அதன் நுனியில் பேனரின் முன்விளிம்பு, அந்த விளிம்பின் கீழ் முனையில் எடைக்கட்டி. மெதுவாக உயரும்போது முன்விளிம்பு செங்குத்தாக நிமிரும். பிறகு எடை தரையை விட்டு எழும்பும். அதன்பின் முன்னால் நகர்ந்தால் துணி தானாக விரியும். அவசரப்பட்டால் துணி தரையில் இழுபட்டுக் கிழியும். கயிறு குட்டையாக இருந்தால் ரோட்டர் (மேலே சுழலும் பெரிய விசிறி) கீழே தள்ளும் காற்றில் சுருண்டு முறுக்கிக்கொள்ளும்.

அந்த எடைக்கட்டி எதற்கு? கயிறு பின்னுக்குச் சாயாமல் கீழே இழுத்துப் பிடிக்கத்தான். ஒரு உதாரணக் கணக்கு. கயிறு, துணி, எடை எல்லாம் சேர்த்து 150 கிலோ. 40 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டரில், காற்று 60 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கயிறு செங்குத்திலிருந்து ஏறத்தாழ 22 டிகிரி சாயும். வேகத்தை 60 நாட் ஆக்கினால் இழுவிசை ஒன்றரை மடங்கு ஆகாது. வேகத்தின் வர்க்கத்தில் கூடி 135 கிலோ ஆகும். சாய்வு 42 டிகிரி. பேனர் பின்னாலும் மேலாகவும் போகிறது, பின்னால் இருப்பது டெயில் ரோட்டர், அதாவது வாலில் சுழலும் சின்ன விசிறி. இதைவிட மோசம், பேனரைக் கழற்றிவிட்டு வெறுங்கயிற்றோடு வேகமாகத் திரும்புவது. எடையில்லாத கயிறு காற்றில் மேலெழும்பி டெயில் ரோட்டரில் சிக்கினால் கதை முடிந்தது.

மெதுவாகப் பறந்தால் பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். காற்று முதுகுப்பக்கம் திரும்பியதும் தரை வேகமாக ஓடுவதுபோலத் தெரியும். அனுபவமில்லாதவர் வேகத்தைக் குறைப்பார். உண்மையில் குறைவது காற்றுவேகம், அதாவது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்த நிலையில் நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் இறங்கினால், தானே கீழே தள்ளிய காற்றுச் சுழலுக்குள் இயந்திரம் விழுந்து அமிழத் தொடங்கும். பவரைக் கூட்டக் கூட்ட அமிழ்வதும் கூடும். அதனால் தரையைப் பார்த்து வேகத்தைக் கணிக்காமல் காற்றுவேக மீட்டரைப் பார்க்கப் பழக வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பேனரில் முதல் எழுத்து ஹெலிகாப்டருக்குப் பக்கத்தில் இருக்கும், ஆகவே கூட்டம் பைலட்டின் இடப்புறம் இருந்தால்தான் வாசிக்க முடியும். ஹெலிகாப்டரில் பைலட் பெரும்பாலும் வலது இருக்கையில். கூட்டத்தைக் குறுக்கே எட்டிப் பார்த்தே ஓட்ட வேண்டிவரும். சின்ன விஷயம்தான், கழுத்துவலிக்குத் தெரியும்.

அனுமதி தனிக்கதை. வேறு எதையும் இழுத்துப் பறப்பதென்றால் அந்தந்த நாட்டு விமானத் துறையின் விதிப்படிதான் பறக்க வேண்டும். மக்கள் நெருக்கமான இடத்தில் 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள உயரமான தடைக்கு மேல் 300 மீட்டர், மற்ற இடங்களில் தரைக்கு மேல் 150 மீட்டர் என்பது பொதுவான குறைந்தபட்ச உயரம். அமெரிக்காவில் 30,000 பேரோ அதற்கு மேலோ அமரும் அரங்குகளில் பெரிய ஆட்டங்கள் நடக்கும்போது 3 கடல் மைல் ஆரத்துக்குள், 3,000 அடிக்குக் கீழே அனுமதியில்லாமல் பறக்க முடியாது. பேனர்காரர்களுக்கு நல்ல வாடிக்கை கிடைத்த இடமே அதுதான்! ஹொனலூலுவில் வான்வழி விளம்பரத்துக்கே தடை. ஒரு உத்தரவில் சந்தை மூடிவிடக்கூடிய தொழில் இது. கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துப் போடுங்கள்.

பைலட் செலவு கட்டுப்படியாகாது என்றால் தரைக்குழு, பேனர் தைப்பது, பராமரிப்பு என்று வேறு வழிகளும் உண்டு. தைப்பவர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்: படபடக்கும் பின்விளிம்புதான் முதலில் நூல்நூலாகப் பிரியும், வெயில் நைலானை நலியச் செய்யும், எந்தத் தையல் எப்போது விடும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தரைக்குழுவில் சேர்ந்தால் முதல் பாடம் இதுவாக இருக்க வேண்டும்: பறந்து வந்த இயந்திரத்தில் நிலைமின்சாரம் தேங்கியிருக்கும், அதைத் தரைக்கு இறக்காமல் கொக்கியைத் தொடக்கூடாது.

வேலை கொடுக்கிற நிறுவனத்திடம் மகள் கேட்க வேண்டியதைச் சொல்லிக்கொடுங்கள். சுமையைக் கழற்றிவிட, பைலட் கையில் பிடித்து ஓட்டும் கட்டுப்பாட்டுக் கம்பியில் ஒரு பொத்தான், அது வேலை செய்யாவிட்டால் வேறொரு மாற்று வழி என்று இரண்டும் உள்ளனவா? ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் இரண்டையும் சுமை மாட்டிச் சோதிக்கிறார்களா? எந்த இடத்துக்கு மேலே பேனரைக் கழற்றிவிடலாம் என்று முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்கிறார்களா? கொக்கியைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தார்கள் என்று கேட்டால், பேச்சை மாற்றாமல் பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்து காட்டுகிற இடத்தில் சேரட்டும்.