மருந்தை நிறுத்திக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். 6 வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். சென்னையில் ஒரு வருஷ சிகிச்சைக்குப் பிறகு நன்றாக இருக்கிறாள். இன்னும் ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட வேண்டும், மாதம் ஒருமுறை சென்னைக்கு வர வேண்டும் என்கிறார்கள். மருத்துவச் செலவு முதல்வர் காப்பீட்டில் போய்விடுகிறது. ஆனால் பஸ், சாப்பாடு, போன கூலி என்று ஒவ்வொரு முறையும் 3,500 ரூபாய் ஆகிறது. 3 வட்டிக்கு வாங்கிய கடன் 1,20,000. நான்கு மாதம் சிகிச்சையை நிறுத்திக் கடனை அடைத்துவிட்டு, மறுபடி தொடங்கலாமா? வீட்டில் 3 பவுன் இருக்கிறது. செல்வமகள் கணக்கில் மாதம் 1,000 கட்டுகிறோம்.

பதில்: வேண்டாம். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

பரிசோதனையில் தெரியாமல் உடம்பில் மிச்சம் இருக்கக்கூடிய புற்றுச் செல்களை அழிக்கத்தான் அந்த மாத்திரை. தொடர்ந்து நான்கு வாரம் விட்டாலே சிகிச்சையைக் கைவிட்டதாகத்தான் மருத்துவர்கள் கணக்கு வைப்பார்கள். நீங்கள் கேட்பது நான்கு மாதம். நோய் திரும்பினால் மருந்து இன்னும் கடுமையாக இருக்கும், சில குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று வரை போகும். குணமாகும் வாய்ப்பும் குறையும்.

பணக் கணக்கும் சரிவரவில்லை. நான்கு பயணத்தை விட்டால் மிச்சம் 14,000. அந்த நான்கு மாத வட்டியே 14,400. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

அடைக்க வேண்டியது அந்த 3 வட்டியைத்தான். மகளுக்கென்று வைத்த நகையாக இருக்கலாம், மனசு வராதுதான். அவளுக்காகவே இப்போது வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வையுங்கள். இன்றைய விலைக்கு 3 பவுனுக்கு 1,20,000 தாராளமாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 12 சதவீதம் என்றே வைத்தாலும் மாத வட்டி 1,200தான்; இப்போது 3,600 கட்டுகிறீர்கள். தவணைத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள், நகை ஏலத்துக்குப் போய்விடும்.

செல்வமகள் கணக்குக்கு ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே போதும். சிகிச்சை முடியும்வரை அப்படியே ஓட்டுங்கள். இந்த இரண்டிலும் மாதம் 3,400 வரை கையில் நிற்கும்.

அப்புறம், பஸ்ஸை விட்டுவிட்டு ஈரோட்டிலிருந்து ரயிலில் போங்கள். மருத்துவமனையில் ரயில்வே சலுகைச் சான்று கேட்டு வாங்கினால், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருப்பார். கடன் நிலைமையை அவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையை ஈரோட்டிலேயே எடுத்துக்கொண்டு, சென்னைப் பயணத்தைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த தேதிக்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள்.