கோட்டையில் மரபு நடை: வாசகர் கேள்வி – பதில்

ஐரோப்பியர் கட்டிய பழைய கோட்டைகளுக்குள் வழிகாட்டியோடு மரபு நடை போக நினைக்கும் வாசகர்கள் கேட்ட கேள்விகளும், எங்கள் பதில்களும்.

இரண்டு மணி நேர நடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். போகும் முன் எவ்வளவு படித்துவிட்டுப் போக வேண்டும்?

முழு வரலாறும் வேண்டாம். அதைச் சொல்லத்தான் வழிகாட்டி வருகிறார். கைபேசியில் அந்தக் கோட்டையின் செயற்கைக்கோள் படத்தை மட்டும் பத்து நிமிடம் உற்றுப் பாருங்கள். மதிலிலிருந்து அம்பு முனைபோல் துருத்திக்கொண்டு நிற்பவை கொத்தளங்கள். அவை எத்தனை, எந்தப் பக்கம் பெரியவை என்று எண்ணிக்கொள்ளுங்கள். மதில் எந்தப் பக்கம் அதிகம் தடித்திருக்கிறதோ, கட்டியவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்கள். இலங்கையின் காலி (Galle) நகரக் கோட்டைக்கு 14 கொத்தளங்கள். அவற்றில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்ற மூன்று பெரிய கொத்தளங்களும் நிலத்தைப் பார்த்து நிற்கின்றன. மற்ற பக்கங்களைப் பாறையும் கடலும் பார்த்துக்கொண்டன.

அதோடு கட்டியவர், பறித்துத் திருத்திக் கட்டியவர், பிறகு எடுத்துக்கொண்டவர் என மூன்று பெயரும் அவற்றுக்குரிய ஆண்டுகளும் தெரிந்தால் போதும். காலி என்றால் போர்த்துகீசியர் 1588, டச்சுக்காரர் 1640, ஆங்கிலேயர் 1796. நடையில் எந்தக் கல்லைக் காட்டினாலும் இந்த மூன்றில் எதன் கீழ் வரும் என்று மனதுக்குள் போட்டுப் பாருங்கள்.

நம் மலைக்கோட்டைகளின் மதில்கள் எவ்வளவு உயரம்! இந்தக் கடற்கரைக் கோட்டைகள் ஏன் குட்டையாக, சப்பையாக இருக்கின்றன? செலவைக் குறைத்துவிட்டார்களா?

இல்லை, இந்த வகைக் கட்டுமானத்துக்குத்தான் செலவு அதிகம். காரணம் பீரங்கி. உயரமான, மெல்லிய சுவர் ஏணி வைத்து ஏறுபவனைத் தடுக்கும். இரும்புக் குண்டு அதன் அடியில் திரும்பத் திரும்ப மோதினால் மொத்தமாகச் சரிந்துவிடும். 1494-ல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் நுழைந்தபோது பழைய கோட்டைகள் தாங்காது என்று தெரிந்துபோனது. அதற்குப் பதிலாக இத்தாலியப் பொறியாளர்கள் உருவாக்கிய வடிவத்தைத்தான் ஐரோப்பியர் கப்பலேறிப் போன இடமெல்லாம் கட்டினார்கள். மதிலைத் தாழ்த்தி, தடிமனாக்கி, இரண்டு சுவர்களுக்கு நடுவில் மண்ணைக் கெட்டித்தார்கள். குண்டு பட்டால் கல் தெறிக்கும், மண் விழுங்கிவிடும்.

கொத்தளத்தின் முனைக்கும் கணக்கு உண்டு. வட்டக் கோபுரமாக இருந்தால் அதன் மூக்குக்கு நேர் கீழே ஒரு மூலை மிஞ்சும். பக்கத்துக் கோபுரத்திலிருந்து சுட்டாலும் குண்டு அங்கே எட்டாது. எதிரி அங்கே பதுங்கி உட்கார்ந்து அடியில் தோண்டலாம். அந்த மூலையை நீக்கவே வட்டத்தை அம்பு முனையாக்கினார்கள். நடையின்போது ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டில் நின்று, பீரங்கி வாய் வைத்த இடைவெளி வழியாகப் பாருங்கள். கண்ணுக்குக் கடல் தெரியாது, அடுத்த கொத்தளம் வரை போகும் சொந்த மதிலின் வெளிப்பக்கம் தெரியும். சுடவேண்டியதும் அந்த மதிலை ஒட்டித்தான். மதிலை நெருங்கி வந்தவனை இரண்டு பக்கத்திலிருந்தும் வாருகிற ஏற்பாடு இது. ஒரு கோட்டையில் இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், மற்ற கோட்டைகளை நீங்களே படித்துவிடலாம்.

எங்கள் வழிகாட்டி நேராகத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். அதுதான் சரியான வரிசையா?

வெயிலுக்கு அது சரி, கோட்டைக்குச் சரியில்லை. முடிந்தால் வெளியிலிருந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். முதலில் மதிலுக்கு வெளியே உள்ள வெற்றுநிலத்தில் நில்லுங்கள். எதிரிக்கு ஒளிய இடமில்லாதபடி வேண்டுமென்றே காலியாக வைத்த இடம் அது. இன்று பல ஊர்களில் மைதானமாகவோ அகலச் சாலையாகவோ இருக்கிறது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி வீடுகள் நெருங்கியிருந்தன. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட வந்தபோது அவருடைய ஆட்களுக்கு அந்தப் பக்கத்து நகரமே மறைவிடமானது. பிற்பாடு வெற்றிடத்தை விரித்து, இதற்குள் கட்டக்கூடாது என்று 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஆறில் ஒன்று பாரிமுனைப் பக்கம் இன்னும் நிற்கிறது.

அடுத்தது வாசல். உள்ளே போகும் வழி நேராக இல்லாமல் வளைந்தால், வெளியிலிருந்து விட்ட குண்டு நேராக உள்ளே பாயாமல் தடுக்கத்தான் அந்த வளைவு. வாசலுக்கு மேலே செங்குத்தான பள்ளங்களோ சங்கிலித் துளைகளோ இருந்தால் அங்கே தூக்குபாலம் இருந்திருக்கும். பிறகு உள்ளே அணிவகுப்புத் திடல், தேவாலயம், கிடங்கு. மதில் மேல் நடையைக் கடைசிக்கு வையுங்கள். கீழே தனித்தனியாகப் பார்த்தது மேலே ஏறியதும் ஒன்று சேரும், அதற்குள் வெயிலும் தாழ்ந்திருக்கும்.

வாசல் முகப்பில் ஒரு ஆண்டு பொறித்திருந்தால் கோட்டையின் வயது அதுதான் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். காலியின் பழைய வாசலில் உள்பக்கம் டச்சுக் கம்பெனியின் சின்னம், 1669 என்ற ஆண்டோடு. வெளிப்பக்கம் ஆங்கிலேய அரசின் சின்னம். எல்லாரும் இன்று நுழைகிற பெரிய வாசலோ 1873-ல் திறந்தது.

சுரங்கப்பாதை பத்து மைல் போகிறது, குதிரையிலேயே போகலாம் என்றார் வழிகாட்டி. நம்பலாமா?

சுரங்கக் கதை இல்லாத கோட்டை கிடையாது! கடலோரத்தில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அங்கே மைல் கணக்கில் சுரங்கம் வெட்டினால் காற்றுக்கு என்ன வழி, தண்ணீரை எப்படி இறைப்பது, தோண்டிய மண் எங்கே போனது என்று கேளுங்கள். பதில் வராது. நீங்கள் பார்க்கும் இருட்டு வாய் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: அகழிக்குள் வீரர்கள் நழுவி இறங்கும் சிறு திட்டிவாசல், மதிலின் வயிற்றுக்குள் இருக்கும் வளைகூரை அறை, அல்லது சாக்கடை. சாக்கடை என்றதும் சலித்துக்கொள்ள வேண்டாம். காலியில் டச்சுக்காரர்கள் நிலத்தடிக் கால்வாய்களில் கடல்நீரை விட்டுக் கழிவை அடித்துப்போகச் செய்த ஏற்பாடு, எந்தச் சுரங்கக் கதையையும்விட ரசமானது.

பீரங்கிகள் மேல் எண்களும் எழுத்துகளும் இருக்கின்றன. என்ன அர்த்தம்?

கிரீடத்தின் கீழ் ஜி.ஆர். என்ற எழுத்துகள் பின்னியிருந்தால் ஆங்கில மன்னர் ஜார்ஜ். எந்த ஜார்ஜ் என்பதை நடுவிலுள்ள சிறு எண் சொல்லும். பறவைக்கால்போல் மூன்று கோடு கொண்ட அம்புக்குறி, பிரிட்டிஷ் அரசு உடைமைக்கு அடையாளம். அகன்ற வி எழுத்தின் இரண்டு கைகளிலும் ஓ, சி இரண்டும் கோத்திருந்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதைச் சத்தம்போட்டுப் படித்தால் 1906-ல் கப்பல் கம்பெனி தொடங்கிய நம்மவர் பெயர் வருவது வெறும் தற்செயல்தான்! அந்தச் சின்னத்தின் மேல் ஏ என்ற சிற்றெழுத்து இருந்தால் ஆம்ஸ்டர்டாம் கிளை. கம்பெனிக்கு மொத்தம் ஆறு கிளைகள்.

ஆங்கிலப் பீரங்கியின் பின்பகுதியில் 24-2-10 என்பதுபோல் மூன்று எண்கள் இருந்தால் அது தேதி அல்ல, எடை. முதல் எண் 112 பவுண்டு கொண்ட அந்தர், இரண்டாவது 28 பவுண்டு கொண்ட கால் அந்தர், மூன்றாவது வெறும் பவுண்டு. கூட்டினால் 2,754 பவுண்டு, ஏறக்குறைய 1,250 கிலோ.

திரி வைக்கும் துளையையும் பாருங்கள். அதில் இரும்பு ஆணி அறைந்து அடைத்திருந்தால், விட்டுவிட்டு ஓடியவர்கள் எதிரிக்குப் பயன்படக்கூடாதென்று செய்த வேலையாக இருக்கலாம். பீரங்கி இன்று எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலானவை பிற்காலத்தில் அழகுக்காக நகர்த்தி வைத்தவை.

கல்லறைக் கல் ஒன்றில் 1687/8 என்று இருக்கிறது. செத்த வருடம் கூடவா தெரியாது?

நன்றாகவே தெரியும். 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரியில் இறந்தவருக்குப் பழைய கணக்கில் 1687, இப்போதைய கணக்கில் 1688. குழப்பம் வராமல் இரண்டையும் வெட்டினார்கள்.

எழுத்து தேய்ந்திருந்தால் சுண்ணாம்புக்கட்டி தேய்க்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். இரண்டும் கல்லைக் கெடுக்கும். கைபேசி விளக்கைக் கல்லின் ஓரத்தில், ஏறக்குறைய அதை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும். உச்சிவெயிலில் எதுவும் தெரியாது.

கல் இருக்கும் இடத்தில் உடல் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. 1680-ல் திறந்த சென்னை புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பதித்துள்ள கற்கள் கோட்டைக்கு வெளியே, இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்த இடுகாட்டைச் சேர்ந்தவை. லாலியின் ஆட்கள் அங்கிருந்த கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டார்கள். மறுபடி அப்படி நடக்கக்கூடாதென்று அவற்றை இடித்துக் கற்களை மட்டும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. மதில் மேல் ஏற்றலாமா?

படிக்கட்டைத் தேடாதீர்கள், சாய்தளத்தைத் தேடுங்கள். டன் கணக்கான பீரங்கியைப் படியில் ஏற்ற முடியாது. அதனால் கொத்தளங்களுக்கு உட்பக்கமாகச் சாய்வான பாதை இருக்கும். பலர் அதைக் கவனிக்காமல் செங்குத்துப் படியில் ஏறி மூச்சு வாங்குகிறார்கள். நடைக்கு முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டால் அந்த வழியாகக் கூட்டிப்போவார்.

மதில் மேல் நிழல் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, அடிப்பாகம் வழுக்காத செருப்பு வேண்டும். மழைக்காலத்தில் பழைய சுண்ணாம்புத் தளத்தில் பாசி பிடித்து எண்ணெய்போல் வழுக்கும். படம் எடுக்கக் கைப்பிடிச்சுவர் மேல் யாரும் ஏறவே கூடாது. கீழ்நோக்கிச் சுட வசதியாக அதன் உச்சி வெளிப்பக்கம் சரிந்திருக்கும், கால் வழுக்கினால் அகழிப் பக்கம்தான் போவீர்கள்.

கூட்டத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை.

கடற்காற்றின் வேலை. காற்று வழிகாட்டியின் முதுகிலிருந்து உங்கள் முகத்துக்கு வரும்படி நில்லுங்கள், குரலும் கூடவே வரும். கடைசி ஆள் வரும் முன் பேச்சைத் தொடங்குவது இன்னொரு பிழை. குழு பதினைந்து பேரைத் தாண்டினால் இதைத் தவிர்ப்பது கடினம். பெயர் கொடுக்கும்போதே எத்தனை பேர், எந்த மொழி, ஒலிக்கருவி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

அடையாள அட்டை, கேமரா?

பழைய கோட்டை பலவற்றில் இன்றும் ராணுவமோ அரசு அலுவலகமோ இயங்குகிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருக்கின்றன. அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பெரிய பை வேண்டாம். காவலர் நிற்கும் வாசல்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். ட்ரோன் எண்ணமே வேண்டாம். உள்ளே அருங்காட்சியகம் இருந்தால் அதன் வார விடுமுறை எந்த நாள் என்று பார்த்து நடை நாளைக் குறியுங்கள்.

நடை முழுக்கக் கவர்னர்கள், கல்யாணங்கள், விருந்துகள். கோட்டையைக் கட்டிய கைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்படிக் கேட்பது?

சுருக்கமாக, இடத்தைக் காட்டிக் கேளுங்கள். "இந்தக் கல் எங்கிருந்து வந்தது? யார் சுமந்தார்கள்? இங்கே பூட்டிவைத்தது யாரை?" இடத்தைச் சுட்டிக் கேட்டால் வழிகாட்டியால் பொதுப் பேச்சில் நழுவ முடியாது. போர்த்துகீசியர் 1482-ல் கட்டத் தொடங்கிய கானாவின் எல்மினா கோட்டையில் கவர்னர் நிற்கும் மாடத்துக்கு நேர் கீழேதான் அடிமைப் பெண்களை அடைத்த முற்றம். அதே கடற்கரையில் கேப் கோஸ்ட் கோட்டையில் ஆண்களை அடைத்த நிலவறைக்கு மேலே தேவாலயம். மேலே ஒரு மாடி, கீழே ஒரு மாடி என்று இரண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் அந்தக் கட்டடம் புரியும். யாழ்ப்பாணக் கோட்டையின் கொத்தளங்களுக்கு ஹாலந்து, சீலந்து, கெல்டர்லாந்து என்று டச்சு மாகாணப் பெயர்களைச் சூட்டினார்கள். பெயர் தூர தேசத்தது, சுவரில் இருக்கும் பவளக்கல்லோ யாழ்ப்பாணக் கடலிலிருந்தே வந்தது.

வழிகாட்டி "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்றால் மட்டமாக நினைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் உடனே பதில் வைத்திருப்பவரைத்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

எது பழைய சுவர், எது பின்னால் ஒட்டுப்போட்டது என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். பழைய சாந்து சுண்ணாம்பு. வெளிறிய வெண்மையாக, மணல் துணுக்கும் சிப்பித் தூளும் தெரிய இருக்கும். சிமெண்டு சாம்பல் நிறம், வழவழப்பு, கெட்டி. போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். ஆகவே 17-ஆம் நூற்றாண்டுச் சுவரில் அந்தச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது கட்டாயம் பிற்கால ஒட்டு. அப்படி ஒட்டிய இடத்தைச் சுற்றிக் கல்லோ செங்கல்லோ மாவாக உதிர்கிறதா என்றும் பாருங்கள். சுவருக்குள் ஏறிய உப்புநீர் சுண்ணாம்பின் வழியே வெளியேறிவிடும், சிமெண்டு அதை விடாது. ஈரம் பக்கத்துக் கல்லைத் தேடிப் போய் அங்கே காயும்போது உப்பு படிகமாகி உள்ளிருந்து கல்லைப் பிளக்கும். விரலால் சுரண்டிச் சோதிக்க வேண்டாம், பார்த்தாலே தெரியும்.