படத்தை மாற்றிய பிறகும் பழைய படமே வருவது ஏன்?

கேள்வி: என் இணையதளக் கட்டுரை ஒன்றின் தலைப்பையும் படத்தையும் மாற்றினேன். பேஸ்புக்கில் இணைப்பைப் பகிர்ந்தால் இன்னமும் பழையவைதான் வருகின்றன. வாட்ஸ்அப்பில் சில பக்கங்களுக்குப் படமே வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் மாற்றியது வாசகர் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை. இணைப்பைப் பகிரும்போது படமும் தலைப்புமாக வரும் முன்னோட்டத்தைத் தயாரிக்கும் நிரலோ முதலில் தேடுவது, பக்கத்தின் ‘ஹெட்’ பகுதியில் மறைந்திருந்து பக்கத்தைப் பற்றிய விவரங்களைச் சொல்லும் மெட்டா குறிச்சொற்களை. 2010இல் பேஸ்புக் கொண்டுவந்த ‘ஓப்பன் கிராஃப்’ முறை அது. வாட்ஸ்அப், லிங்க்ட்இன், டெலிகிராம் ஆகியவையும் அதையே படிக்கின்றன.

ஆகவே, பிரௌசரில் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து ‘ஓஜி:டைட்டில்’ (og:title), ‘ஓஜி:இமேஜ்’ (og:image) என்ற வரிகளைத் தேடுங்கள். அங்கே பழைய படம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். புதிய படமே இருந்தால், பேஸ்புக் முன்பு எடுத்துச் சேமித்த நகலைக் காட்டுகிறது என்று பொருள். எப்படியானாலும், பேஸ்புக்கின் ‘ஷேரிங் டிபக்கர்’ கருவியில் முகவரியை இட்டு, மீண்டும் படிக்கச் சொல்லுங்கள். லிங்க்ட்இன்னுக்கு ‘போஸ்ட் இன்ஸ்பெக்டர்’ உண்டு. வாட்ஸ்அப்பில் முன்னோட்டம் அனுப்புபவரின் கைபேசியிலேயே உருவாகிச் செய்தியோடு போய்விடுகிறது. அனுப்பியதை இனி மாற்ற முடியாது. படத்தை மாற்றும்போதெல்லாம் கோப்பின் பெயரையும் மாற்றிவிடுங்கள் என்பேன். பழைய நகல் குறுக்கே வராமலிருக்க இதைவிட எளிய வழி இல்லை.

படமே வராததற்கு நான் அடிக்கடி காணும் காரணம், படத்தின் முகவரி பாதியாக எழுதப்பட்டிருப்பது. ‘எச்டிடிபிஎஸ்’ தொடங்கி முழு முகவரியும் வேண்டும். கோப்பு கனமாக இருந்தாலும் வாட்ஸ்அப் அதை விட்டுவிடும். 300 கேபிக்குள் வைத்துக்கொண்டால் கவலையில்லை. இன்னொன்று சற்று நுட்பமானது. குறிச்சொற்களை, பிரௌசரில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பின்னர் சேர்க்கும்படி தளம் அமைந்திருந்தால், உங்கள் பிரௌசரில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் முன்னோட்டம் தயாரிக்கும் நிரல்கள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டை இயக்குவதில்லை. சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லிலேயே குறிச்சொற்கள் இருக்க வேண்டும்.

படத்தின் அளவு 1200க்கு 630 பிக்சல். சில செயலிகள் அதைச் சதுரமாக வெட்டுவதால், முகமோ எழுத்தோ நடுவில் இருக்கட்டும். எக்ஸ் தளத்தில் பெரிய படம் வர, ‘ட்விட்டர்:கார்ட்’ (twitter:card) வரியில் ‘சம்மரி லார்ஜ் இமேஜ்’ (summary_large_image) வகையைக் குறிப்பிடுங்கள்.

முன்னோட்டத்தில் வரும் சுருக்கத்தைத் தரும் ‘ஓஜி:டிஸ்கிரிப்ஷன்’ (og:description) வரியை மட்டும் தளத்தை இயக்கும் மென்பொருளிடம் விடாதீர்கள். அது பெரும்பாலும் கட்டுரையின் முதல் வரிகளைப் பாதியில் துண்டித்துப் போட்டுவிடும். கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் நீங்களே எழுதுங்கள்.