மீன் ஒட்டுண்ணி ஐசோபாடுகளை இனம் பிரிப்பது: கேள்வி பதில்

ஐசோபாடுகள் இறால், நண்டுக்கு உறவான ஓட்டுயிர்கள். அவற்றில் மீனின் வாய், செவுள், தோலில் ஒட்டி வாழும் சைமோத்தாய்டே குடும்பத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள்.

கே: நாகப்பட்டினத்தில் வாங்கிய சாளையின் வாலருகே ஒரு பூச்சி. இரண்டு ஓரத்திலும் கருங்கோடு. நெரோசிலா ஃபயோப்ளூரா என்று எழுதிக்கொள்ளலாமா சார்?

ஆகலாம், ஆனால் கோட்டை மட்டும் வைத்து எழுதாதீர்கள். அந்தப் பெயருக்கே "கருத்த பக்கம்" என்றுதான் பொருள், அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சாராயத்தில் போட்டால் நிறம் மங்கும். நெரோசிலா பேரினத்தில் ஒரே இனத்துக்குள்ளேயே உருவம் நிறைய மாறும். மார்புக் கண்டங்களின் பின்மூலைகள் எவ்வளவு நீள்கின்றன, யூரோபாடின் (வாலோரத் துணையுறுப்பு) இரு கிளைகளின் நீளம், வடிவம், பிளியோடெல்சனின் (உடலின் கடைசி வால்தட்டு) அகல நீள விகிதம் ஆகியவற்றைக் குறைந்தது ஐந்தாறு பெண்களில் பாருங்கள். ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள்.

கே: இந்த மீனைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். பூச்சியை எடுத்துவிட்டுச் சமையுங்கள். இது மனிதரைத் தொற்றாது.

கே: வாய்க்குள் இருந்தது. சைமோத்தோவாவா, செரட்டோத்தோவாவா?

இந்த இரண்டு பேரினங்களையும் பிரிக்கத் தலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆன்டென்யூல்களின் (முதல் ஜோடி உணர்கொம்புகள்) அடிப்பகுதிகள் ஒன்றையொன்று தொட்டால் செரட்டோத்தோவா, நடுவில் தெளிவான இடைவெளி இருந்தால் சைமோத்தோவா. சைமோத்தோவாவில் தலை முதல் மார்புக் கண்டத்துக்குள் நன்றாகப் புதைந்திருக்கும்.

கே: பிடுங்கும்போது கால் உடைந்துவிடுகிறது. எப்படி எடுப்பது, எப்படி வைப்பது?

ஏழு ஜோடிக் கால்களின் நுனியும் கொக்கிதான். மேல்நோக்கி இழுத்தால் முறியும். மீனோடு சேர்த்து ஐஸில் வைத்து அது தளர்ந்த பிறகு, மெல்லிய இடுக்கியால் ஒவ்வொரு கொக்கியாக விடுவியுங்கள். 95% எத்தனாலில் போட்டு, 24 மணி நேரம் கழித்து ஒருமுறை திரவத்தை மாற்றுங்கள். உடலின் நீர் கலந்து எத்தனால் நீர்த்துப்போயிருக்கும். ஃபார்மலின் வேண்டாம், மரபணு கெட்டுவிடும், மூட்டுகளும் விறைக்கும். மீனின் பெயர், ஒட்டிய இடம், கடற்பகுதி, தேதி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி சீட்டைப் புட்டிக்கு உள்ளேயே போடுங்கள். மீனையும் படம் எடுங்கள்.

பிரித்துப் பார்க்கும்போது ஒரே பக்க உறுப்புகளை எடுங்கள், மறுபக்கம் அப்படியே இருக்கட்டும். முதலில் கால்கள், பிறகு ஐந்து பிளியோபாடுகள் (வயிற்றடித் துணையுறுப்புகள்), கடைசியாக வாயுறுப்புகள். கிளிசரினில் வைத்து வரையுங்கள். கண்ணாடித் தகட்டின் நான்கு மூலையிலும் சிறு முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் உறுப்பு நசுங்கி அகலமாகத் தெரியும், அந்தப் போலி அகலத்தையே நீங்கள் அளப்பீர்கள்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. குஞ்சுப்பையோடு இருக்கும் பெண்ணின் மேக்சிலிப்பெடில் (வாயை ஒட்டிய துணையுறுப்பு) மெல்லிய தட்டு ஒன்று வளர்ந்திருக்கும். பை இல்லாத பெண்ணுக்கு அது இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு இனம் என்றே தோன்றும். இவை முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாகும் உயிர்கள் என்பதையும் மறக்காதீர்கள். இடைநிலையில் ஆண்குறியும், குஞ்சுப்பையை உருவாக்கும் தட்டின் மொட்டும் ஒன்றாகவே இருக்கும்.

கே: மீனைச் சாப்பிடலாமா? நாக்கைத் தின்னும் பூச்சி என்கிறார்களே?

மேலே சொல்லிவிட்டேன். நாக்கின் இடத்தைப் பிடிப்பதாக நன்கு பதிவானது கிழக்குப் பசிபிக்கின் சைமோத்தோவா எக்சிகுவா.

கே: இவ்வளவு பாடு எதற்கு? சிஓஐ என்ற மரபணுவின் 658 கார இணை நீளத் துண்டைப் படித்து ஒப்பிடும் பார்கோடு போதும், வேலை முடிந்ததே.

முடியாது. நீங்கள் ஒப்பிடும் வரிசைக்குப் பெயர் வைத்தவர் தவறாக அடையாளம் கண்டிருந்தால் உங்கள் விடையும் தவறு. வயிற்றுப் பகுதியை எடுத்தால் மீனின் மரபணு கலந்துவரும், ஒரு கால் தசையை எடுங்கள்.

கே: அது பழைய ஆட்களின் வாதம் சார். சதவீத வேறுபாடு பொய் சொல்லாது.

ஜெய்ரா அல்பிஃபிரன்ஸ் என்ற, மிக நெருங்கிய இனங்களின் கூட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பியக் கரையின் சில மில்லிமீட்டர் ஐசோபாடுகள். ஆண்களின் கால்களில் உள்ள ரோமமும் முள்ளும்தான் பிரிக்கின்றன. அந்தக் கூட்டத்தின் பிரேஹிர்சூட்டா இனத்துக்கு முன்கால்களில் ரோமம், இஸ்கியோசீட்டோசா இனத்துக்குப் பின்கால்களின் இஸ்கியம் என்ற கண்டத்தில். பெண்களை உருவத்தால் பிரிக்கவே முடியாது. பிரான்ஸ் கரையில் சில இடங்களில் அல்பிஃபிரன்ஸும் பிரேஹிர்சூட்டாவும் கலந்து பெருகுகின்றன. தாய்வழி மரபணு கலந்துபோன பிறகு சதவீதம் எதைச் சொல்லும்?

கே: அப்படியானால் பார்கோடு வீணா?

வீணென்று சொல்லவில்லை. ஆறு ஜோடிக் கால் மட்டுமே உள்ள, 'மாங்கா' எனப்படும் குஞ்சையும், சிறிய ஆணையும் எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்று தெரியாதபோது அதைப் போன்ற உதவி வேறில்லை. ஆனால் புது இனத்துக்குப் பெயர் வைக்க அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரியைக் (பொதுவாக ஹோலோடைப் எனப்படும் ஒரே மாதிரி) குறிப்பிட்டு, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். 1999க்குப் பிறகு அது விதி. மின்னிதழில் வெளியிட்டால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் வேண்டும்.

கே: என் மாதிரியின் உடல் ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது. புது இனமா?

எங்கே ஒட்டியிருந்தது? செவுள் அறையா? நோரிலேகா இண்டிகா போன்றவை இடமாகவோ வலமாகவோ வளைந்தே வளரும். வளைவு இனத்துக்கான அடையாளம் இல்லை.

கே: நன்னீர் மீன்பேனும் இதுவும் ஒன்றா?

இல்லை. நன்னீர் மீன்பேனான ஆர்குலசுக்குக் கவசம் போன்ற ஓடு, இரண்டு உறிஞ்சிகள், நான்கு ஜோடி நீந்துகால்கள் உண்டு. இங்கே ஓடு கிடையாது.

கே: சாப்பிடலாமா என்று...

இரண்டாம் பதிலைப் பாருங்கள்.

கே: அலையாத்தி மரத்தில் துளையிடும் ஸ்ஃபீரோமா?

வேறு குடும்பம், தனியாகக் கேளுங்கள். ஒன்று மட்டும்: நேராக எத்தனாலில் போட்டால் அது சுருண்டு உருண்டைதான் கிடைக்கும். முதலில் குளிர்ந்த நீரில் தளரவிடுங்கள், நிமிர்ந்த பிறகு போடுங்கள்.